எடைக்கா, பெயருக்கா? ஒரு பழைய காரின் வழியே புதுப்பேட்டை

பயன்படாத எதையும் “பேரீச்சம்பழத்துக்குப் போடு” என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். பழைய இரும்புக்கும் ஈயத்துக்கும் பித்தளைக்கும் மாற்றாகத் தள்ளுவண்டிக்காரர் பேரீச்சம்பழம் நிறுத்துக் கொடுத்த காலம் விட்டுச்சென்ற பேச்சு அது. அந்த வண்டியின் தராசுக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: எத்தனை கிலோ? வந்து விழுவது சைக்கிளா, தையல் எந்திரமா, யாருடைய தாத்தா ஓட்டிய வண்டி என்பதெல்லாம் அதற்கு வேண்டாத சேதி.

அதே துருப்பிடித்த இரும்பு ஒரு பங்களாவின் பின்கட்டு ஷெட்டில் கிடந்தால் அதற்குப் பெயர் ‘கிளாசிக் கார்’. அதை மீட்டெடுக்க லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். அணிவகுப்பு நடத்துகிறார்கள், பரிசு கொடுக்கிறார்கள்.

ஆக, இரும்புக்கு விலை இரண்டு. கிலோவுக்கு இவ்வளவு என்று போவது எடை விலை. “இது நான்கு கதவு ஹெரால்டின் இடதுபக்கப் பின்கதவு” என்று அடையாளம் கண்டு விற்பது பெயர் விலை. இரண்டுக்கும் நடுவே ஒருவருடைய கண் இருக்கிறது, கை இருக்கிறது, நினைவு இருக்கிறது. அந்த ஒருவர் யார், அவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால் சென்னையின் மோட்டார் வரலாறு வேறு முகம் காட்டுகிறது. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

சென்னையில் பிறந்த கார்

எழும்பூருக்கு அருகே, கூவம் கரையோரக் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் சில ஆண்டுகள் மாலை வகுப்பு நடத்தினோம். எங்களிடம் படித்த மாணவி ஒருத்தியின் அப்பா புதுப்பேட்டையில் வண்டி உடைப்பவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதே வேலை. அவர் வழியாகத்தான் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற காரைப் பற்றி முதன்முதலில் அறிந்தோம். முதுகலை படித்து முடித்த எங்களுக்கு, நம் நகரத்தின் விளிம்பிலேயே ஒரு கார் தொழிற்சாலை இருந்து மறைந்த கதை அதுவரை தெரியாது.

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் 1940களின் இறுதியில் பிரிட்டனின் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் தொடங்கியது. வண்டலூர்ப் பக்கத்தில் அதன் ஆலை இருந்தது. வான்கார்ட், ஸ்டாண்டர்ட் 8, ஸ்டாண்டர்ட் 10 என்று வரிசையாக வந்த கார்களுக்குப் பிறகு 1961இல் ஹெரால்ட் வந்தது. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலொட்டி வடிவமைத்து, 1959இல் பிரிட்டனில் ‘டிரையம்ஃப் ஹெரால்ட்’ என்ற பெயரில் வெளியான கார் அது. கல்கத்தாப் பக்கம் உத்தரபாராவில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஹெரால்ட் என்று மூன்று கார்கள்தான் ஒரு தலைமுறைக்கு இந்தியச் சாலைகளாக இருந்தன.

ஹெரால்டின் உடல் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டதல்ல. தனியாக ஒரு சேஸிஸ், அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கிய உடல். முன்பக்க பானெட் மட்கார்டோடு சேர்ந்து முழுதாக முன்னோக்கிக் கவிழும். இந்த அமைப்பினால், ஒரு ஹெரால்டிலிருந்து கழற்றிய பகுதியை இன்னொன்றில் அப்படியே பொருத்த முடியும். உடைப்பவருக்குக் கேஸ் கட்டிங்கைவிட ஸ்பேனர்தான் இங்கே முக்கியம். பொறுமையாகக் கழற்றினால் அது பாகம். அவசரப்பட்டு வெட்டினால் வெறும் தகரம்.

இன்னொரு சேதி. பின்னாளில் வந்த நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டுமே தயாரானது. மற்ற பல பாகங்களை இன்றும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். அந்தப் பின்கதவை மட்டும் உலகத்தில் வேறெங்கும் தேடிப் பயனில்லை. இங்கே உடைபட்ட இன்னொரு ஹெரால்டிலிருந்துதான் அது கிடைக்க வேண்டும்.

1972இல் ஹெரால்டின் வழித்தோன்றலாக கஸல் வந்தது. 1985இல் ரோவர் காரை அடிப்படையாகக் கொண்ட ஸ்டாண்டர்ட் 2000 வந்து, 1988இல் நின்றது. அதோடு ஆலையும் முடங்கியது. அங்கே தேங்கிக் கிடந்த ரோவர் பாகங்களைப் பல ஆண்டுகள் கழித்து இங்கிலாந்து உதிரிபாக வணிக நிறுவனம் ஒன்று வாங்கிச் சென்றது. சென்னையில் மதிப்பிழந்து கிடந்த இரும்பு கடல் தாண்டிய பின் பெயர் பெற்றது.

பற்றாக்குறை வளர்த்த சந்தை

பழைய பாகத்துக்கு இத்தனை பெரிய சந்தை ஏன் உருவானது? சோம்பேறித்தனமோ கஞ்சத்தனமோ காரணமில்லை, கொள்கை முடிவுதான் காரணம். 1953இல் டாரிஃப் கமிஷன் பரிந்துரைத்தபடி, படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்ய ஒப்புக்கொண்ட நிறுவனங்களுக்கு மட்டுமே அரசு அனுமதி தந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. ஆகவே அதுவரை ஓடிக்கொண்டிருந்த வெளிநாட்டுக் கார்களுக்குப் புதிய பாகம் வருவது அரிதாயிற்று. புதிய காருக்கோ பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட நாட்டில் எந்த வண்டியும் எளிதில் சாக விடப்படாது. ஒன்று செத்தால் அதன் உறுப்புகளால் பத்து பிழைக்கும்.

பிழைக்க வைத்தவர்கள் யார்? பல்கலைக்கழகத்தில் படித்த பொறியாளர்கள் ஆலைகளில் இருந்தார்கள். சாலையோரத்தில் இருந்தவர்கள் டிங்கர், வெல்டர், லேத்காரர், குஷன் தைப்பவர், ரேடியேட்டர் அடைப்பவர், வண்டி உடைப்பவர். இந்தியாவின் ‘தற்சார்பு’ மோட்டார் வரலாறு ஆலை வாசலோடு முடிந்துவிடுவதாக எழுதப்படுகிறது. ஆலையிலிருந்து வெளியேறிய வண்டியை அடுத்த முப்பது ஆண்டுகள் ஓட வைத்த உழைப்பு அதில் ஒரு வரியாகக்கூட இல்லை.

ஆதித்தனார் சாலையை ஒட்டி, லேங்ஸ் கார்டன் சாலைப் பக்கம், கூவத்தின் கரை வரைக்கும் நீளும் தெருக்கள்தான் புதுப்பேட்டைச் சந்தை. கண்டம் ஆன வண்டி வந்து சேர்ந்ததும் பேட்டரி இறங்கும், பெட்ரோல் வடியும். டயர், கண்ணாடி, சீட் போகும். செயின் பிளாக்கில் இஞ்சினும் கியர்பாக்ஸும் தூக்கப்படும். கதவுகள் கழலும். வயரை உரித்துச் செம்பு தனியாகும். மிஞ்சும் தகரம் எடைக்குப் போய் உருக்காலை சேரும். ஒரு கடையில் கதவு, அடுத்ததில் ஸ்டியரிங், அதற்கடுத்ததில் விளக்கு. தெருவே ஒரு பிரித்துப்போட்ட கார்.

இந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. இது எடைக்கா, பெயருக்கா? ஸ்டாண்டர்ட் 10 காரின் இஞ்சினும் ஹெரால்டின் 948 சிசி இஞ்சினும் ஒரே குடும்பம். அதைத் தெரிந்தவர் ஒரு டென் இஞ்சினை எடைக்குத் தூக்கிப் போடமாட்டார். இந்த அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அப்பன் பிள்ளைக்கும் அண்ணன் தம்பிக்கும் கைமாற்றிக் கொடுத்தது.

ஒரே பக்கத்துச் சாமான்

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நான்கு கதவு ஹெரால்ட் ஒன்றை மீட்டெடுத்துக்கொண்டிருந்தார். படித்தவர், பழகுவதற்கு இனியவர். பின்கதவு தேடிப் புதுப்பேட்டைக்கு வந்தார். நாங்கள் அன்று எங்கள் மாணவியின் பள்ளிக் கட்டண விஷயமாக அவளுடைய அப்பாவைப் பார்க்கப் போயிருந்தோம்.

கதவு கிடைக்கவில்லை. பேச்சுவாக்கில் கார்க்காரர் தன் பையிலிருந்து இரண்டு வெண்கலக் கட்டைகளை எடுத்துக் காட்டினார். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்பு, கீழே இந்தக் கட்டைக்குள்தான் மரையோடி உட்காரும். டிரனியன் என்பது அதன் பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரையின் மேல்தான் சக்கரம் திரும்புகிறது. வேறொரு வியாபாரியிடம் நல்ல விலை கொடுத்து வாங்கியதாகச் சொன்னார்.

மாணவியின் அப்பா இரண்டையும் கையில் வாங்கினார். கண்ணால் பார்ப்பதற்கு முன் விரலை உள்ளே விட்டுச் சுழற்றினார்.

“சார், ரெண்டும் ஒரே பக்கத்துச் சாமான். ஒரு பக்கத்துக்கு மரை இப்டி ஓடும், இன்னொரு பக்கத்துக்கு எதிரா ஓடும். இத வெச்சா ஒண்ணு ஏறவே ஏறாது.”

“அதெப்படிப்பா பாக்காமலே சொல்ற?”

அவர் பதில் சொல்லவில்லை. பரண் மேல் ஏறி ஒரு சாக்குப்பையை இறக்கினார். என்றோ உடைத்த ஒரு ஹெரால்டின் இரண்டு பக்கத்து டிரனியனும் அதில் இருந்தன. எடைக்குப் போட மனசு வரவில்லை என்றார். கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னார். “இதுல கிரீஸ் அடிக்காதீங்க சார். கியர் ஆயில் ஊத்துங்க. கிரீஸ் கீழ வரைக்கும் எறங்காம இறுகிப் போயிடும். என்னைக்காவது ஒரு திருப்பத்துல சக்கரம் மடிஞ்சுக்கும்.”

பின்னர் தேடிப் பார்த்தோம். தயாரிப்பாளரின் கையேடு சொல்வதும் அதையேதான்: கிரீஸ் அல்ல, எண்ணெய். ஆங்கிலக் கையேட்டை அவர் படித்ததில்லை. மடிந்த சக்கரங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

இப்போது கணக்குக்கு வருவோம். எடைக்குப் போட்டிருந்தால் அந்த வெண்கலம் சில நூறு ரூபாய். அன்று கைமாறியது சில ஆயிரத்துக்கு. அந்தப் பணம் கடை முதலாளியின் கல்லாவுக்குப் போனது. மாணவியின் அப்பாவுக்குக் கிடைத்தது அன்றைய வழக்கமான கூலியும் ஒரு டீயும். எடை விலைக்கும் பெயர் விலைக்கும் இடையே உள்ள வித்தியாசம் முழுவதையும் உண்டாக்கியது அவருடைய நினைவு. அந்த நினைவுக்கு மட்டும் கூலி இல்லை.

ஐம்பதைத் தாண்டிய அவர் நாற்பதைத் தொடாத கார்க்காரரை ‘சார்’ என்றார். கார்க்காரர் அவரை ‘ப்பா’ போட்டு ஒருமையில் கேட்டார். இதில் கெட்ட எண்ணம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். கெட்ட எண்ணம் எதுவும் தேவைப்படாமலே நடப்பதுதான் சிக்கல்.

கல்லாவும் தரையும்

புதுப்பேட்டை தலித் மக்களின் சந்தை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இஸ்லாமியர்களும் தலித்துகளும் மற்றப் பல சமூகத்தவரும் சேர்ந்து உழைக்கும் இடம் அது. ‘காயலாங்கடை’ என்ற சொல்லே காயல்பட்டினத்துக்காரர்களால் வந்தது என்பார்கள். ஊரில் சாதி கேட்டு நுழையவிடாத பட்டறைகள் உண்டு. இங்கே ‘பாய்’, ‘அண்ணே’ என்ற இரண்டு சொல்லில் ஒரு நாள் ஓடிவிடும். அந்த விடுதலை உண்மையானது, அதைக் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனாலும் நாங்கள் பார்த்த தெருக்களில் கல்லாவில் உட்காருபவரும் தரையில் சுத்தியலும் உளியுமாக உட்காருபவரும் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் அல்ல. கடை வைக்க முதல் வேண்டும், வாடகை முன்பணம் வேண்டும், கடன் தர ஆள் வேண்டும். தலைமுறையாக நிலமும் சொத்தும் மறுக்கப்பட்டவர்களுக்கு அவை எங்கிருந்து வரும்? சாதி என்பது வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாக அடுக்கிவைக்கிறது என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் வாதிட்டார். உடைக்கிறவர், விற்கிறவர், மீட்டெடுக்கிறவர், சேகரிக்கிறவர் என்ற இந்த வரிசையில் மேலே போகப் போகக் கையில் எண்ணெய் குறைகிறது, பெயர் கூடுகிறது.

புதுப்பேட்டை என்றாலே ‘திருட்டு வண்டி’ என்று சிரிப்பது பொதுப்புத்தி. 2006இல் அந்தப் பெயரிலேயே வந்த சினிமா ரௌடிகளின் கதை. அங்கே குற்றமே நடந்ததில்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் போலீஸ் வந்தால் முதலில் சட்டையைப் பிடிப்பது தரையில் உட்கார்ந்திருப்பவரைத்தான்.

வீடும் அப்படித்தான். 2015க்குப் பின் கூவம் மறுசீரமைப்புத் திட்டம் என்ற பெயரில் கரையோரக் குடியிருப்புகள் பல அகற்றப்பட்டு, மக்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். எங்கள் மாணவியின் குடும்பமும் அதில் போனது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அவர் இன்றும் பேருந்து மாறி வேலைக்கு வருகிறார். காருக்கும் மறுசீரமைப்பு, ஆற்றுக்கும் மறுசீரமைப்பு. காரை மறுசீரமைக்கும்போது சின்ன போல்ட்டைக்கூட அதன் பழைய இடத்திலேயே பொருத்த வேண்டும் என்று பாடுபடுகிறார்கள். ஆற்றை மறுசீரமைக்கும்போது மனிதர்களைக் கழற்றி நகரத்துக்கு வெளியே வைத்தார்கள்.

2021இன் இரண்டு விதிகள்

2021இல் ஒன்றிய அரசு இரண்டு விதிகளைக் கொண்டுவந்தது. மாணவத் தோழர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஜூலையில் வந்தது விண்டேஜ் வாகன விதி. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் வடிவத்தில் பேணப்படும் இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்குத் தனிப் பதிவு. கட்டணம் 20,000 ரூபாய். எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள். சேஸிஸ், உடல், இஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆகஸ்டில் வாகன அழிப்புக் கொள்கை தொடங்கிவைக்கப்பட்டு, செப்டம்பரில் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையங்களுக்கான விதிகள் வந்தன. தகுதிச் சோதனையில் தேறாத பழைய வண்டிகளை இனி அந்த மையங்கள் முறைப்படி உடைக்க வேண்டும்.

இரண்டாவது விதியின் சுற்றுச்சூழல் அக்கறையை நாங்கள் எதிர்க்கவில்லை. பேட்டரி அமிலமும் ஈயமும் கழிவு எண்ணெயும் கூவத்தில் கலப்பதற்கு முன் முதலில் கலப்பது உடைப்பவரின் உடம்பில்தான். கையுறையும் முகக்கவசமும் தரமான கொட்டகையும் வேண்டும் என்று அவரைவிட உரக்கக் கேட்க வேறு யாருக்கு உரிமை இருக்கிறது?

நாங்கள் கேட்பது வேறு. பதிவு பெற்ற மையத்துக்கு நிலமும் முதலீடும் எந்திரமும் வேண்டும். அவை இருப்பவர் மையம் திறப்பார். முப்பது ஆண்டு அனுபவம் இருப்பவருக்கு அங்கே என்ன இடம்? 50 ஆண்டு பழைய காருக்குச் சட்டம் ஒரு மரியாதையையும் பாதுகாப்பையும் கொடுத்துவிட்டது. அந்தக் காரின் ‘அசல் வடிவம்’ எங்கிருந்து வந்தது? சாக்குப்பையில் எடைக்குப் போடாமல் எடுத்துவைத்த ஒருவரிடமிருந்து வந்தது. அசலைக் காப்பாற்றியவர் அமைப்புசாராத் தொழிலாளி, காப்பாற்றப்பட்ட அசல் மட்டும் பாரம்பரியம்.

சந்தையையே நகருக்கு வெளியே மாற்ற வேண்டும் என்ற பேச்சும் பல ஆண்டுகளாக இருக்கிறது. அப்படி நடந்தால் கடை உரிமையாளருக்கு மாற்றுக் கடை கேட்கச் சங்கம் இருக்கும். நாள்கூலிக்கு இருப்பவர் எந்தக் காகிதத்தைக் காட்டி எதைக் கேட்பார்?

நாம் செய்யக்கூடியது

தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நல வாரியம் இருக்கிறது. முறையாகப் படிக்காமல் கற்ற திறனைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு ஒன்றிய அரசின் திறன் பயிற்சித் திட்டத்திலும் இருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு காயலாங்கடைத் தெரு இருக்கும். அங்கே போய் எத்தனை பேர் வாரியத்தில் பதிந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதியாதவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அழிப்பு மையங்கள் வரும் இடங்களில், பழைய சந்தைத் தொழிலாளருக்கு வேலையில் முன்னுரிமையும் திறனுக்கேற்ற ஊதியமும் வேண்டும் என்ற கோரிக்கையை எழுப்புங்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கே உட்கார்ந்து கேளுங்கள். தொழிலாளியின் அறிவு எழுத்தில் ஏறாத வரைக்கும் அதற்கும் எடை விலைதான்.

அந்த ஹெரால்ட் முழுமையடைந்து ஒரு பழைய கார் கண்காட்சிக்கு வந்தது. போய்ப் பார்த்தோம். உண்மையிலேயே அழகான கார். பக்கத்தில் ஒரு அட்டை: ஆண்டு, மாடல், உரிமையாளர் பெயர், வண்ணம் பூசிய பட்டறையின் பெயர். டிரனியன் கொடுத்தவர் பெயர் ஏன் இல்லை என்று உரிமையாளரிடம் கேட்டோம். அவர் சங்கடப்பட்டுத் தன் போனை எடுத்துத் தேடினார். “புதுப்பேட்டை ஆள்” என்று பதிந்திருந்தது. பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

இந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை. சேர்க்கட்டுமா என்று கேட்டோம். “வேணாம் தம்பி, கடையில பிரச்சனை ஆயிடும்” என்றார். பெயர் சொல்ல முடியாத நிலைமையும் இந்த வரலாற்றின் பகுதி என்பதால் அதையும் இங்கே பதிகிறோம்.

அவருடைய மகள் இப்போது பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறாள். அப்பா சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். எந்தக் காரின் எந்தச் சாமான் எதற்குப் பொருந்தும், எதை வெட்டக் கூடாது, எதில் எந்த எண்ணெய் என்று. முதல் பக்கத்தில் இரண்டு டிரனியன்களின் படம். இடது, வலது என்று எழுதி, மரை ஓடும் திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கிறாள். நோட்டின் அட்டையில் அவள் பெயர் இல்லை. அப்பாவின் முழுப்பெயர் இருக்கிறது.